முதலில் லைட், கடைசியில் எஸ்எம்பிஎஸ்

பட்ஜெட் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது நீங்கள் வீட்டில் சொன்ன தொகை. நண்பனிடம் சொன்னது 60,000. மனசுக்குள் இருப்பது 75,000. கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்ததும் படித்துவிடுவது இந்த மூன்றாவது எண்ணைத்தான். எனவே முதல் இரண்டையும் இப்போதே மறந்துவிடலாம்.

பணம் அப்பாவிடமிருந்து வரவேண்டியிருந்தால் 'கேம்' என்ற சொல் வாயில் வரவே கூடாது. ஒரு காலத்தில் 'ப்ராஜெக்ட்' என்றால் போதும். இப்போது "ஏஐ படிக்கணும்ப்பா, கிராபிக்ஸ் கார்டு இல்லாம முடியாது" என்று சொல்லவேண்டும். இதில் ஒரு வசதி, இது முழுப்பொய்யும் இல்லை. 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் மெஷின் லேர்னிங் பாடங்களை நிஜமாகவே ஓட்டிப் பார்க்கலாம். அப்பா திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "லேப்டாப் போதாதாடா?" அதற்குப் பதில்: "சூடாயிடும்ப்பா." சூடு என்றால் அப்பாக்கள் பயப்படுவார்கள்.

பணம் வந்தாயிற்றா? முதலில் கேபினெட்டை வாங்குங்கள். ப்ராசசரில் தொடங்கச் சொல்லும் விவரக்காரர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக்கு நண்பர்கள் வருவதில்லை போலிருக்கிறது. ப்ராசசர் கூலருக்கு அடியில், பேஸ்டுக்குக் கீழே ஒளிந்துகிடக்கிற சாமான். அதை யார் பார்க்கப்போகிறார்கள்? முகப்பிலும் பக்கவாட்டிலும் கண்ணாடி, ஆறு ஃபேன், ஆறிலும் லைட், நிறம் மாற்ற ஒரு ரிமோட். முகப்பில் கண்ணாடி இருந்தால் காற்று எந்த வழியாக உள்ளே போகும் என்று கேட்டு கடைக்காரரைச் சங்கடப்படுத்தாதீர்கள். வலை போட்ட முகப்புள்ள கேபினெட்டில் காற்று தாராளமாகப் போகும், கார்டு சூடாகாது. ஆனால் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க லாயக்கில்லை.

வாங்கிவந்த கண்ணாடிப் பெட்டியை, கம்ப்யூட்டர் டேபிளில் சிபியு வைக்கவென்றே ஆசாரி அடித்துக்கொடுத்த பொந்துக்குள் தள்ளிவிடுங்கள். இரண்டு பக்கமும் பலகை, பின்னால் சுவர். கண்ணாடி வழியாகத் தெரியவேண்டிய லைட் எல்லாம் பலகைக்கு மட்டும் தெரியும். உள்ளேயிருந்து வெளியேறிய சூடான காற்று சுற்றிவந்து மறுபடி உள்ளேயே போகும். ஃபேன் எத்தனை வைத்தாலும் அறையின் சூட்டுக்குக் கீழே எதையும் குளிரவைக்க முடியாது என்பதால், மே மாதத்து மொட்டைமாடி அறையில் கேம் ஆடுவது தனி அனுபவம். தூசி படியாமல் இருக்க அம்மா மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டுப் போவார். தடுக்காதீர்கள், பட்ஜெட்டில் அவருக்கும் பங்கு உண்டு.

அடுத்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்துபோகிற தூரம். ஞாயிற்றுக்கிழமை போய்விடாதீர்கள், பெரும்பாலான ஷட்டர்கள் இறங்கியிருக்கும். காலையில் முதல் ஆளாகப் போனால் போணி நேரம் என்று விலை குறையும் என்பது ஒரு நம்பிக்கை. போணி நேரத்தில் பேரம் பேசக்கூடாது என்பது கடைக்காரரின் நம்பிக்கை. இரண்டு நம்பிக்கைகளும் சந்திக்கும் இடத்தில்தான் உங்கள் விலை முடிவாகும்.

போகும்போது யூடியூபில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுப் போங்கள். அது எப்போது போட்ட வீடியோ என்று மட்டும் பார்க்கவேண்டாம்.

"அண்ணே, இந்த வீடியோல ராம் இவ்வளவுதான்னு சொல்றாங்க."

"அப்ப அந்த வீடியோலயே வாங்கிக்க தம்பி."

கோபப்படாதீர்கள், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறத் தொடங்கியது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டதுதான் காரணம். அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், 'க்ரூஷியல்' என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஏஐ படிக்கவேண்டும் என்று அப்பாவிடம் சொல்லி வாங்கிய பணத்தை அந்த ஏஐயே பிடுங்கிக்கொள்கிறது. நியாயத்துக்கு உலகத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது.

முதல் கடையில் கொட்டேஷன் வாங்குங்கள். அதை இரண்டாவது கடையில் காட்டி நூறு ரூபாய் குறையுங்கள். இரண்டாவதை நரசிங்கபுரம் தெருவில் மூன்றாவது கடையில் காட்டி இன்னொரு ஐம்பது குறையுங்கள். மூன்றாவது கடைக்காரர், "எல்லாம் ஸ்டாக் இருக்கு, அஞ்சு நிமிஷம் உக்காருங்க" என்பார். கடைப் பையன் ஒருவன் வெளியே ஓடுவான். திரும்பி வரும்போது அவன் கையில் இருக்கும் மதர்போர்டு பெட்டி எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கும். ஆமாம், முதல் கடை ஷெல்ஃபில்.

மதர்போர்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ப்ராசசர் அதன் சாக்கெட்டில் உட்காரவேண்டும், அவ்வளவுதான். ரைசன் 5 5600க்கு ஏஎம்4. இன்டெல் ஐ3 12100எஃப்புக்கு எல்ஜிஏ 1700. மாற்றி வாங்கினால் இரண்டையும் அலமாரியில் அழகுக்கு வைக்கலாம்.

ப்ராசசரில் ஒரு சிக்கனம் இருக்கிறது. மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' போட்ட இன்டெல் சில்லுகள் கொஞ்சம் விலை குறைவாகக் கிடைக்கும். உடனே அள்ளுங்கள். 'இப்போதைக்கு இதை வைத்து ஓட்டுவோம், தீபாவளி போனஸ் வந்ததும் கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்' என்று திட்டமிடுங்கள். அந்த 'எஃப்' இருந்தால் சில்லுக்குள் கிராபிக்ஸ் கிடையாது என்பதும், கார்டு மாட்டும்வரை மானிட்டரில் ஒரு புள்ளிகூட வராது என்பதும் அன்று ராத்திரி தெரியவரும். தீபாவளி வரை லைட் மட்டும் மாறிமாறி எரியும். ரிமோட் கைவசம் இருப்பது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று! கார்டைத் தள்ளிப்போட நினைப்பவர்களுக்கு ரைசன் 5 5600ஜி என்று ஒன்று உண்டு. உள்ளேயே கிராபிக்ஸ், ஆறு கோர், வாலரன்ட் போன்ற லேசான கேமெல்லாம் தாராளமாக ஓடும். கண்ணாடிக்குள் காட்ட கார்டு இல்லையே என்பதுதான் அதிலுள்ள குறை.

ராமில் ஒரே குச்சியாக 16 ஜிபி வாங்குங்கள். 8 ஜிபி இரண்டாக வாங்கினால் இரண்டு சேனலிலும் தகவல் ஓடி கேம் வேகமெடுத்துவிடும். அதிலும் 5600ஜி போன்ற சில்லுக்குத் தனி நினைவகம் இல்லாததால் ராமையே கிராபிக்ஸுக்கும் எடுத்துக்கொள்ளும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தெரியாமல் இரண்டு வாங்கிவிட்டால் பயமில்லை, பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகிவிடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடவேண்டும் என்று கையேட்டில் இருக்கும். கையேட்டை யார் படிக்கிறார்கள்? பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்யாமல் விட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் 2133லோ 2400லோ ஆற அமர ஓடும்.

இனி கிராபிக்ஸ் கார்டு. "எத்தனை ஜிபி?" என்று மட்டும் கேளுங்கள். ஜிடி 730யிலும் 4 ஜிபி கிடைக்கும், ஜிடிஎக்ஸ் 1650யிலும் 4 ஜிபிதான். முன்னதன் விலை கொஞ்சமே கொஞ்சம் என்பதால் பின்னதை வாங்குபவன் ஏமாளி என்று முடிவுகட்டலாம். 2014இல் வந்த ஜிடி 730யில் டிடிஆர்3 நினைவகம் போட்ட ஒரு வகை நொடிக்குச் சுமார் 14 ஜிபி தகவலை நகர்த்தும், 1650யோ குறைந்தது 128 ஜிபி என்பதெல்லாம் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்காது. பெட்டியில் இருப்பது வாளேந்திய ஒரு வீரனின் படம். படத்தைப் பார்த்து வாங்குங்கள்.

புதுக் கார்டு கட்டுப்படியாகாதவர்களுக்குப் பழைய கார்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறையைக் கைவிட்டது. அதுவரை ராத்திரி பகலாக நாணயம் தோண்டிய கார்டுகள் உலகம் முழுவதும் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. டாக்டர் ஓட்டிய வண்டி, சிங்கிள் ஓனர், கோயிலுக்கு மட்டும் எடுப்பார் என்று பைக் விற்கிற அதே குரலில், "லேடீஸ் யூஸ் பண்ண கார்டு தம்பி, போட்டோஷாப் மட்டும்தான்" என்பார்கள். ஃபேனை விரலால் சுற்றிப் பார்க்காதீர்கள், கடகடவென்று சத்தம் கேட்டுவிடும். ஸ்க்ரூவின் மேல் ஒட்டிய வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்காதீர்கள். கடையிலேயே மாட்டி அரைமணி நேரம் கேம் ஓட்டிக்காட்டச் சொல்லாதீர்கள், நட்பு கெடும்.

இவ்வளவும் வாங்கிய பிறகு பாக்கெட்டில் ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சியிருக்கும். அதற்குத்தான் எஸ்எம்பிஎஸ். ப்ராசசருக்கும் கார்டுக்கும் ராமுக்கும் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. அது போனால் போகிறபோக்கில் மற்றதையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும். இப்படிப்பட்ட சாமானுக்கு மிச்சக் காசை ஒதுக்குவதுதான் நம் மரபு. கேபினெட்டோடு 'ஃப்ரீயாக' வந்ததே இருந்தால் இன்னும் உத்தமம்.

அந்த இலவச எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். பேப்பர்வெயிட் கனம்கூட இருக்காது. பக்கவாட்டில் மஞ்சள் ஸ்டிக்கர், அதில் கொட்டை எழுத்தில் 500 வாட்ஸ். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு +12வி என்ற பத்தியைத் தேடுங்கள். அதன் கீழே 16ஏ என்று இருந்தால் பன்னிரண்டைப் பதினாறால் பெருக்குங்கள்: 192 வாட். ப்ராசசரும் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் இந்தப் பன்னிரண்டு வோல்ட் இலையில்தான். ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட், ரைசன் 5 5600க்கு 65 வாட் என்பது தயாரித்தவர்கள் போட்ட கணக்கு. கூட்டினால் 197. ஃபேனும் லைட்டும் இன்னும் பந்திக்கு வரவேயில்லை. ஸ்டிக்கரில் இருக்கும் 500, கொடுப்பவரின் நல்ல மனசைக் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளவேண்டும்.

கார்டுக்குத் தேவையான எட்டு பின் ஒயர் அதில் இருக்காது. அதற்கென்று மோலெக்ஸ் கன்வர்ட்டர் ஒன்று கடையில் தொங்கும். வாங்கி மாட்டிவிட்டு, வழக்கமாக வராத ஒரு வாசனை வருகிறதா என்று அவ்வப்போது மோந்து பார்த்துக்கொள்ளலாம். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற சான்றோடு, நல்ல கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கி, அதற்காகக் கேபினெட்டில் மூன்று ஃபேனைக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் சிஸ்டம் ஆறேழு வருஷம் ஒன்றும் ஆகாமல் ஓடிக்கொண்டிருக்கும், சொல்லிக்கொள்ள ஒரு கதைகூட இருக்காது.

கடைசியாக ஒரு கேள்வி வரும்: "பில்லு வேணுமா தம்பி?" வேண்டும் என்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 50,000க்கு 9,000. இந்த இடத்தில் எல்லோருக்கும் கணக்கு நன்றாக வரும். பெரிய மனசு பண்ணி கார்டுக்கு மட்டும் பில் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் தெரிந்த சித்தி பையனை வைத்து அசெம்பிள் செய்யுங்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்கவேண்டாம், புதுசாக இருக்கட்டும். மானிட்டர் ஒயரைக் கீழே கார்டில் செருகாமல், மேலே மதர்போர்டில் கண்ணில் படும் முதல் ஓட்டையில் செருகுங்கள். உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள சில்லாக இருந்தால் படம் வரும், கேமும் வரும், கார்டு மட்டும் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்கள் விண்டோஸ் செட்டிங்கில் அதை 60லேயே விட்டுவிட்டு, "பார்றா, எவ்வளவு ஸ்மூத்தா இருக்கு" என்று சொல்வதும் வழக்கத்தில் இருக்கிறது.

கரண்ட் பில் பயம் வேண்டாம். மானிட்டரோடு சேர்த்து 350 வாட் என்று வைத்தால், தினம் நாலு மணி நேரம், இரண்டு மாசத்துக்கு 84 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். மிச்சமிருக்கும் 16 யூனிட்டில் ஃப்ரிட்ஜ், ஃபேன், மிக்சி, டிவி எல்லாவற்றையும் அம்மா சமாளித்துக்கொள்வார். யூபிஎஸ் 600 விஏ போதும் என்பார்கள். அது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கரண்ட் போனதும் கேமை சேவ் பண்ணலாமா, நண்பனுக்கு போன் போட்டுத் திட்டலாமா என்று நீங்கள் யோசிக்கிற நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

சில மாசத்தில் ஒருநாள் டிஸ்ப்ளே வராது. பதறாதீர்கள். ராமைக் கழற்றி, அந்தப் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி மாட்டுங்கள். பாதி நேரம் இதிலேயே சரியாகிவிடும். சரியாகவில்லையென்றால் கார்டுக்கு மூன்று வருஷ வாரண்டி இருக்கிறதே. சர்வீஸ் சென்டரில் பில் கேட்பார்கள். பில் கார்டின் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. அட்டைப்பெட்டி பரண்மேல் இருக்கிறது. ஆகையால் கார்டு கெடுவதாக இருந்தால் மார்கழி முடிவதற்குள் கெடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். போகியன்று விடியற்காலை நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது அம்மா பரணைக் காலி செய்வார். அட்டை நன்றாக எரியும் என்பது அவருக்குத் தெரியும்.