வழியனுப்பல் துறைக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: தெம்பனிஸ் வாசி ஒருவர்
பெறுநர்: இயக்குநர் அவர்கள், வழியனுப்பல் துறை (இன்னும் தொடங்கப்படவில்லை), சிங்கப்பூர்
பொருள்: பெரியம்மா பாதி வாக்கியத்தில் புறப்பட்டுப் போனது தொடர்பாக
பார்வை: தானியங்கிக் கதவு பெரியம்மாவின் கருவிழி மீது செலுத்திய பார்வை, 10 விநாடி

ஐயா / அம்மா,

தங்கள் துறை இன்னும் பிறக்கவில்லை என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன். விருந்தாளியை வரவழைக்க இந்த ஊரில் எத்தனை ஏற்பாடு! விசாவுக்கு 14ஏ படிவம், இங்கிருப்பவர் எழுதித்தர வி39ஏ அறிமுகக் கடிதம், வந்திறங்க மூன்று நாள் இருக்கும்போது மின்னிலக்க வருகை அட்டை. அனுப்பிவைக்கத்தான் ஒரு துண்டுச்சீட்டும் கிடையாது. படிவம் இல்லாத காரியத்தைச் செய்து எங்களுக்குப் பழக்கமில்லை. அதனால் ஆளாளுக்குத் தப்பும் தவறுமாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

அறந்தாங்கியிலிருந்து பெரியம்மாவும் பெரியப்பாவும் வந்து முப்பது நாள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். முதல் வாரம் சாங்கி விமான நிலையத்து ஜுவலுக்குக் கூட்டிப்போய் 40 மீட்டர் உயர அருவியைக் காட்டினேன். "குத்தாலத்துல குளிக்கலாம். இதுல?" என்று கேட்டார் பெரியப்பா. அடுத்த வாரம் தேக்கா சந்தை. பெரியம்மா வாழைப்பூ ஒன்றைக் கையிலெடுத்து, வெள்ளியை மனத்துக்குள் ரூபாயாக்கிப் பார்த்து, பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல அதைத் திரும்ப வைத்துவிட்டார். கடைசி வாரம் முழுக்க முஸ்தபா கடை. 1928-இல் இந்த ஊரில் தொடங்கிய கோடாலித் தைலம் கையில் இல்லாமல் சிங்கப்பூர் போய்வந்தேன் என்றால் அறந்தாங்கியில் யாரும் நம்ப மாட்டார்களாம். கடவுச்சீட்டைவிட அதுதான் அங்கே அத்தாட்சி.

வந்தவர்களை வைத்திருப்பதில் எங்களுக்குச் சிரமமில்லை. கிளப்புவதில்தான் சிக்கல்.

விமானம் செவ்வாய் இரவு. அன்றைக்குத்தான் டிக்கெட் மலிவு. ஏன் மலிவு என்பது பெரியம்மாவுக்குக் கேட்டவுடனே விளங்கிவிட்டது: செவ்வாயோ வெறுவாயோ. இதற்குப் பரிகாரம் பரஸ்தானம். முந்தைய நாளே நல்ல நேரம் பார்த்து ஒரு பையை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஊரில் என்றால் பக்கத்து வீட்டுத் திண்ணையில் வைப்பார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வரைபடத்தில் திண்ணை கிடையாது. வாசலுக்கு வெளியே நடைபாதையில் வைக்கலாமென்றால், தீப்பிடித்தால் ஆள் ஓட 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். டேப் பிடித்து அளந்தேன். பெட்டியை எப்படித் திருப்பி வைத்தாலும் சகுனம் உள்ளே இருந்தால் சக்கரம் வெளியே வந்தது.

கடைசியில் எதிர்வீட்டு மலாய் அம்மா, எங்கள் மக்சிக்தான் காப்பாற்றினார். திங்கள் காலை ஒன்பதே காலுக்குப் பெரியம்மா மஞ்சள், குங்குமம், ஒரு பருத்திப் புடவை வைத்த பையை அவர் வீட்டுச் செருப்பு அலமாரிமேல் கொண்டுபோய் வைத்தார். மக்சிக்குக்குத் தமிழ் தெரியாது, பெரியம்மாவுக்கு மலாய் தெரியாது. விஷயம் என்னவென்று மக்சிக் கேட்கவுமில்லை. பை ஒன்றரை நாள் அங்கேயே பத்திரமாகப் பயணம் செய்துகொண்டிருந்தது. இடையில், ராகுகாலம் சிங்கப்பூர்க் கணக்கா இந்தியக் கணக்கா என்று பெரியப்பா ஒரு பிரச்சினையைக் கிளப்பினார். இரண்டரை மணி நேர வித்தியாசம், லேசான விஷயமல்ல. தங்கள் துறை தொடங்கியதும் இதைப் பற்றி ஒரு சுற்றறிக்கை விட வேண்டும்.

பூனையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1989 முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. பயணம் கிளம்புகிறவர்களுக்காகவே போட்ட சட்டம் என்று நான் நினைத்திருந்தேன். 2024 செப்டம்பரிலிருந்து வீட்டுக்கு இரண்டு பூனை வளர்க்கலாம். நாங்கள் கிளம்பிய அன்று மின்தூக்கிக் கதவு திறந்தபோது உள்ளே ஒரு பெண் கூடையில் பூனையோடு நின்றிருந்தார். அது குறுக்கே போகவில்லை, மேலேதான் போனது. அது சகுனத்தில் சேருமா என்று பெரியம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

தெம்பனிஸுக்கு இன்னொரு குறை உண்டு. விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது. ஜூரோங்கில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். தீவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை காரில் அழுதுகொண்டே வரலாம். எங்களுக்கு டாக்சியில் பதினைந்து நிமிடம். பெரியம்மா மூக்கைச் சிந்தி, கைக்குட்டையை மடித்து, அடுத்த அழுகையைத் தொடங்குவதற்குள் பெட்டி இறக்கும் இடம் வந்துவிட்டது.

உள்ளே போனால் அந்தத் தானியங்கிக் குடிநுழைவுக் கதவு. 2024 முதல் கடவுச்சீட்டைக்கூட நீட்ட வேண்டாம், முகமும் கருவிழியும் போதும். முன்பு 25 விநாடி எடுத்த சோதனை இப்போது 10 விநாடி. உலகமே பாராட்டுகிறது, நானும் பாராட்டுகிறேன். ஆனால் தமிழில் யாரும் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை என்பதைத் தங்கள் பொறியாளர்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்வோம். பெரியம்மா திரும்பி நின்று "போயிட்டு" என்றார். அதற்குள் கதவு அவரைக் கண்டுகொண்டுவிட்டது, பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். 'வர்றேன்' கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மங்கலமான பாதியை மட்டும் தவறவிட்ட வாக்கியம் ஒன்று இன்னமும் அங்கேதான் எங்கோ கிடக்கிறது.

என் தாத்தா காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1926-இல் கட்டிய ராஜுலா கப்பல் 1970கள் தொடங்கும்வரை நாகப்பட்டினத்துக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். துறைமுகத்தில் நின்றவர்கள் கப்பல் புள்ளியாகும்வரை கையசைத்தார்கள். புள்ளியும் மறைந்தபிறகு புகைக்கும் கையசைத்தார்கள். பிறகு பாய லேபார் விமான நிலையத்தில் அதற்கென்றே ஒரு மாடம் இருந்தது. ஓடுபாதைப் பக்கம் நடந்து போகிறவர் நின்று திரும்பிப் பார்ப்பார், மேலேயிருந்து மொத்தக் குடும்பமும் கத்தும். 1981-இல் சாங்கி வந்தது. அதன்பிறகு எல்லாம் மேலும் மேலும் அழகாகிக்கொண்டே போகிறது.

உள்ளே வரை கூடப் போவதென்றால் சட்டம் இருக்கிறது. 2019-இல் ஒருவர், தாம் பறக்கும் எண்ணமில்லாமல், மனைவியை வழியனுப்புவதற்காகவே டிக்கெட் வாங்கி உள்ளே போய்க் கைதானார். அந்த ஆண்டின் முதல் எட்டு மாதத்தில் போர்டிங் பாஸைத் தவறாகப் பயன்படுத்தியதற்குப் பிடிபட்டவர்கள் 33 பேர். 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. பாதுகாப்பு விஷயம், அதில் நான் வாதாட வரவில்லை. அத்தனை செலவு செய்து மனைவியைக் கதவுவரை கொண்டுபோய் விட்ட கணவரை எங்கள் வீட்டுப் பெண்கள் இன்றுவரை உதாரணம் காட்டுகிறார்கள் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

கதவுக்கு முன்னால் நடந்த ஒரு கைமாற்றத்தையும் தங்கள் கேமராக்கள் பதிவு செய்திருக்கும். பெரியம்மா ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்றை என் மகன் கையில் திணித்தார். அவன் வேண்டாமென்று பின்வாங்கினான். அவர் விரல்களைப் பிரித்து வைத்து மூடினார். அவன் அவர் கைப்பையில் திருப்பிப் போட்டான். அவர் மறுபடி எடுத்து அவன் சட்டைப்பையில் செருகினார். சந்தேகத்துக்கு இடமான காட்சிதான். லஞ்சமில்லை என்று உறுதி கூறுகிறேன். அந்த நோட்டு காலையில் நான் பெரியம்மாவுக்கு வழிச்செலவுக்காகக் கொடுத்தது.

என் கோரிக்கை பெரிதல்ல. இருக்கிற கதவுகளில் ஒன்றையாவது மந்தமாக்கித் தாருங்கள். பழுதுபட்ட கதவு ஏதாவது இருந்தால் சரிசெய்யாமல் எங்களுக்கென்று விட்டுவைத்தாலும் போதும்.

தங்கள் கதவுக்கு அப்பால் போன பெரியம்மா இலவச வைஃபையில் உடனே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். "வர்றேன்" என்றார். அதன்பிறகு விமானத்தில் ஏறும்வரை நாற்பது நிமிடம் பேசினார். நாங்கள் அங்கேயே தூணோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

தை மாதம் மறுபடி வருகிறார்கள். திரும்பிப் போக இந்த முறை புதன்கிழமைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். அறுபது வெள்ளி கூடுதல்.

இப்படிக்கு,
தங்கள் துறையின் முதல் விண்ணப்பதாரர்
தெம்பனிஸ்

நகல்: எதிர்வீட்டு மக்சிக் (பையை வைத்திருந்தமைக்கு நன்றியுடன்)