இடம் மாற்றிப் பார்த்த கணக்கு

மாதக் கடைசியில் கணக்கு நோட்டைத் திறந்தால் எனக்குள் ராமானுஜன் விழித்துக்கொள்வார். முடிவிலித் தொடர்களை ஆண்ட ராமானுஜன் அல்லர். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்து உதவித்தொகையைப் பறிகொடுத்தாரே, அவர்.

என் முறை எளிது. துண்டு விழுந்தால் செலவுகளை இடம் மாற்றி எழுதுவேன். வீட்டுக் கடன், கார் கடன், மின் கட்டணம், மகளின் டியூஷன் என்றிருந்த பட்டியலை டியூஷனில் தொடங்குவேன். சின்னத் தொகைகளை முதலில் கழித்தால் சம்பளத்துக்கு அவ்வளவாக வலிக்காது என்பது என் சித்தாந்தம். எங்கள் ஸ்கூடாய் வட்டாரத்தில் இதற்கு நான் ஒருவன்தான் சீடன்.

நான்காம் படிவம் படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, பக்கத்துல பக்கத்துல இருக்கிற ரெண்டை மட்டும் மாத்துங்க. மொத்தம் மாறுமா?"

மாறாது. வீட்டுக் கடனும் கார் கடனும் முன்பின்னானால் இரண்டும் சேர்ந்த தொகை அதேதான். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் அசையவே இல்லை.

"எப்படிக் கலைஞ்ச பட்டியலா இருந்தாலும் இப்படியே ஒவ்வொரு இடமா தள்ளி, முதல்ல வரவேண்டியதை மேல கொண்டுவரலாம். அப்புறம் அடுத்தது. பட்டியலுக்கு முடிவு இருக்கில்ல, தள்ளுறதும் முடிஞ்சிடும். எந்தத் தள்ளலும் மொத்தத்தைத் தொடலையே!"

டியூஷன் காசு வீண் போகவில்லை. எனக்குத்தான் அது வினையாக வந்தது.

நான் விடவில்லை. ஜெர்மானியக் கணிதரான ரீமானைத் துணைக்கு அழைத்தேன். ஒன்றிலிருந்து அரையைக் கழித்து, மூன்றில் ஒன்றைக் கூட்டி, காலைக் கழித்து, இப்படி ஓயாமல் போனால் ஏறத்தாழ 0.693 வரும். அதே எண்களை ஒரு கூட்டலுக்கு இரண்டு கழித்தல் என்று அடுக்கினால் சரிபாதி, 0.347. இத்தகைய தொடரை வரிசை மாற்றி எந்தத் தொகைக்கும் கொண்டுபோகலாம் என்று 1854-ஆம் ஆண்டு ஆய்வுரையில் காட்டிவிட்டார் மனிதர். ஆனால் அதற்கு, கூட்டல்களை, அதாவது வரவுகளைத் தனியே கூட்டினாலும் எல்லை கடந்து போகவேண்டும், செலவுகளும் அப்படியே போகவேண்டும். பாதி நிபந்தனை எங்கள் வீட்டில் எப்போதோ பூர்த்தி. வரவுதான் மாதம் ஒரு தரம் தலைகாட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறது.

கடைசியாக ஐந்து காசில் ஒரு சந்து தென்பட்டது. 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் ரொக்கம் கொடுத்தால் மொத்தப் பில் அருகிலுள்ள ஐந்து காசுக்குச் சரிக்கட்டப்படுகிறது. 1.02 வெள்ளிச் சாமான் மூன்றுக்கு ஒரே பில் என்றால் 3.06; கொடுப்பது 3.05. தனித்தனிப் பில் என்றால் மூன்று வெள்ளியோடு சரி. கூட்டல் தராததைச் சரிக்கட்டல் தருகிறது! கவுண்டரில் மறுபடி மறுபடி நின்று, பின்னால் நின்றவர்களின் வாழ்த்துகளோடு ஐந்து காசு மிச்சம் பிடித்து வந்தேன்.

"என்னங்க, கார் நிறுத்த எவ்வளவு கட்டினீங்க?" என்றாள் மனைவி.

இப்போது நோட்டு அவளிடம். அவள் எதையும் இடம் மாற்றுவதில்லை, நேரே அடித்துவிடுகிறாள். முதல் அடி என் சாயங்காலத் தே தாரேக்குக்கு விழுந்தது. மொத்தம் உடனே மாறிவிட்டது.