கடைசி பெஞ்சு மாமன்

வா மாப்ளே, வா. கட்டில்ல உக்காராதே, கயிறு தொங்கிப்போச்சு. திண்ணையில உக்காரு. பின்னாடி வர்ற நாலு பேரும் உன் ஆராய்ச்சிப் பிள்ளைங்களா? நல்லது. உங்க அத்தை கிளிமூக்கு மாங்கா அறுத்து உப்பு மிளகாத்தூள் போட்டுத் தருவா. தின்னுக்கினே நான் சொல்றதைக் கேளுங்க. திட்ட மாட்டேன். யூனிவர்சிட்டி வாத்தியாரைத் திட்டற அளவுக்கு நான் படிக்கலை.

போன மாசம் கண் ஆபரேஷனுக்குத் திருப்பதி வந்தப்ப, பஸ்ஸுக்கு நேரம் இருக்குதேன்னு உன் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்கார வெச்சியே, ஞாபகம் இருக்குதா? கட்டுப் போட்டிருந்தது ஒரு கண்ணுக்குத்தான். மீதி ஒரு கண்ணும் ரெண்டு காதும் நல்லாத்தான் வேலை செஞ்சுது. சர்வதேசப் பேரியல் பொருளாதாரம்னு எழுதினே. பேரு எழுதவே போர்டு பாதி தீந்துபோச்சு. அப்புறம் மூணு கோடு போட்டே. ஐ.எஸ்., எல்.எம்., மூணாவதா பி.பி. மாப்ளே உடம்பையும் பாத்துக்கச் சொல்றானேன்னு நான் மாத்திரை இருக்குதான்னு பையைத் தடவிப் பாத்தேன். அது அந்நியச் செலாவணி வரவு செலவுக் கோடாம். பக்கத்துப் பையன் காதுல சொன்னான். அவனுக்கும் அவ்ளோதான் தெரிஞ்சுது.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், நீ பெரிய வாத்தியாரா வருவேன்னு. ஒருத்தருக்கும் புரியலையே! இதை விட்டுடாதே. புரிஞ்சுதுன்னு வெச்சுக்கோ, பசங்க கேள்வி கேப்பாங்க. கேட்டா பதில் வேணும். பதில் தேடிக்கினு போனா மீட்டிங்குக்கு யாரு போறது?

உதாரணம் சொன்னா தூர தேசத்துல இருந்தே சொல்லு. மன்டெல்னு ஒருத்தரு 1961-ல எழுதினாரு, 1999-ல நோபல் வாங்கினாருன்னு சொன்னியே. ஒரே நாணயம் வெச்சிருக்கிற ரெண்டு ஊருல ஒண்ணு படுத்துடுச்சுன்னா, நாணயத்தை மட்டமாக்கி எந்திரிக்க முடியாது. ஆளுங்க ஊரு மாறணும், இல்லே விலையும் கூலியும் எறங்கணும், இல்லே மேல இருக்கிறவன் காசு அனுப்பணும். நல்லாத்தான் இருந்துது. ஆனா அதைச் சொல்ல எல்லாரையும் கிரீஸுக்கும் ஜெர்மனிக்கும் ஏத்தி அனுப்பினே பாரு. போற வழியில கர்நாடகா எல்லையாண்ட பலமநேர்ல எறங்கியிருக்கலாமே ராசா!

2025 ஜூன்ல இன்னா நடந்துது? மாங்கூழ் பீப்பாய் போன வருஷத்துதே குடோன்ல கெடக்குதுன்னு ஃபேக்டரிக்காரன் கையை விரிச்சான். சர்க்கார் கிலோவுக்கு 12 ரூபான்னுச்சு. அதுல ஃபேக்டரி 8, சர்க்கார் 4. ஒடனே கர்நாடகா மாங்கா உள்ள வரக் கூடாதுன்னு நம்ம சித்தூர் கலெக்டர் எல்லையை மூடினாரு. அந்தப் பக்கத்து முதலமைச்சர் இந்தப் பக்கத்து முதலமைச்சருக்கு லெட்டர் எழுதினாரு. கோலார் ரூபாயும் சித்தூர் ரூபாயும் ஒண்ணு. மட்டமாக்கத் தனி நாணயம் இல்லே, அதனால போலீஸ் நின்னுது. கடைசியில ரெண்டு மாநிலத்துக்கும் டில்லி கை குடுக்க வேண்டியதாச்சு. உன் மன்டெல் சொன்ன மொத்தமும் செக்போஸ்ட்ல லாரியோட நின்னுக்கினு இருந்துது. நான் ஃபேக்டரி கேட்டாண்ட ரெண்டு ராத்திரி டிராக்டர் மேலேயே படுத்திருந்தேன். அடியில இருந்த காய் கனிஞ்சு சாறு சக்கரத்துல ஒழுகுது, ஈ மொய்க்குது. நீ அந்த வாரம் எங்கேயோ கருத்தரங்குல யூரோவைப் பத்திப் பேசிக்கினு இருந்தே. செல்லுல போட்டோ அனுப்பினியே, மாலை நல்லா இருந்துது.

ரூபா விழுந்தா ஏற்றுமதிக்கு லாபம்னும் எழுதினே. சரி. அந்தக் கூழ் மெட்ராஸ் துறைமுகத்துல கப்பலேறி வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போவுது, விலை டாலர்ல பேசறாங்க. டாலர் ஏறின லாபத்துல என் டிராக்டர் வரைக்கும் எத்தினி பைசா வந்துதுன்னு ஒரு பிள்ளையை அனுப்பிக் கேக்கச் சொல்லியிருக்கியா? அனுப்பாதே. வெயிலு. ரூம்லயே டேட்டா டவுன்லோடு பண்ணச் சொல்லு.

இன்னொண்ணு, நாடு விட்டு நாடு போற சரக்கு, போகாத சேவைன்னு முக்கால் மணி நேரம் ஓட்டினே. உன் எதிர்லயே ரெண்டு பையன் மொட்டைத் தலையோட உக்காந்திருந்தான். மலை மேல கல்யாணகட்டாவுல ஒரு நாற்காலியைப் பாத்தா போதாதா? மழிக்கிற கை மலையை விட்டு எங்கேயும் போவாது, அதோட கூலி நம்மூர்க் கூலி. கீழே விழற முடியை நீளம் பாத்துப் பிரிச்சு தேவஸ்தானம் ஏலம் விடுது. அது கப்பலேறுது, அதோட விலை உலக விலை. ஒரே தலை, ரெண்டு பொருளாதாரம். நியூஜெர்சியில இட்லி ஏன் ஆனை விலைன்னு பலஸ்ஸாவும் சாமுவேல்சனும் 1964-ல சொன்னது இதைத்தானே? அங்கே கம்ப்யூட்டர் தட்டறவன் கூலி ஒசந்து இருக்கிறதால மாவு ஆட்டறவன் கூலியும் ஒசந்துடுச்சு. எனக்கே புரியுது, அதான் பயமா இருக்குது. நான் தப்பாப் புரிஞ்சுக்கினேனோ?

கடன் பாடத்துக்கு அர்ஜென்டினா போனே. கீழ் திருப்பதியில உக்காந்துக்கினு! குபேரன் கிட்ட கல்யாணத்துக்குக் கடன் வாங்கின சாமி, கலியுகம் முடியற வரைக்கும் வட்டி கட்டறாருன்னு தல புராணம் சொல்லுது. வட்டிக்காசுக்காரர்னே அவருக்குப் பேரு. அசல் தீரலை, குபேரனும் பதறலை. ஏன்? கடன் பொன்னுல வாங்கினாரு, உண்டியல்ல பொன்னே விழுது, டாலரும் விழுது. 1991-ல நம்ம நாட்டுக்கு அப்பிடியா? கடன் டாலர்ல, கையில ரெண்டு வார இறக்குமதிக்குத்தான் டாலரு. முதல்ல 20 டன் தங்கம் சுவிஸ் பேங்குக்குப் போச்சு. ஜூலையில சுமார் 47 டன் இங்கிலாந்து பேங்குக்கும் ஜப்பான் பேங்குக்கும் அடகு போச்சு. அப்ப ரிசர்வ் பேங்க் கவர்னர் வெங்கிட்டரமணன், நம்ம தமிழ் ஆளு. உங்க அத்தை வளையலை நான் பேங்குல வெச்சப்ப அவ இன்னா பேச்சுப் பேசினாளோ, அதைத்தான் நாடே சர்க்காரைப் பேசிச்சு. எந்தக் காசுல கடனோ அந்தக் காசுலயே வரவு இருக்கணும். இதுக்கு எதுக்கு பியூனஸ் அயர்ஸுக்கு டிக்கெட்டு?

நம்மூர்ல இருந்தே, நம்மூர்ப் பாஷையிலயே பாடம் சொல்லலாம். சித்தூர் கட்டமஞ்சியில 1880-ல பொறந்த ராமலிங்க ரெட்டி, கேம்பிரிட்ஜ் வரைக்கும் போயிட்டு வந்து, பொருளாதாரத்தைத் தெலுங்குல எழுதினாரு. ஆந்திரா யூனிவர்சிட்டிக்கு முதல் துணைவேந்தரே ஆனாரு. தெலுங்குல எழுதினது அவருக்கு இங்கிலீஷ் வராததால இருக்குமோ?

சரி, பிள்ளைங்க விசயத்துக்கு வரேன். உதவிப் பேராசிரியருக்கு நாலு பேரு, புரொஃபசருக்கு எட்டு பேரு வரைக்கும்னு யுஜிசி வெச்சிருக்குது. நாலு இருக்கே, வீட்டு வேலைக்குக் கவலை இல்லே. ஒருத்தன் ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு விருந்தாளியைக் கூப்பிடப் போவட்டும். ஒருத்தன் விடைத்தாள் கூட்டட்டும். ஒருத்தன் உன் கட்டுரைக்கு அட்டவணை போடட்டும், பேரு மட்டும் உன்னுது முதல்ல வரட்டும். தலைப்பையும் நீயே குடு. போன பையன் எழுதினதுல மாவட்டத்தோட பேரை மாத்தினா புதுத் தலைப்பு. 2022-ல சித்தூரை உடைச்சுத் திருப்பதி மாவட்டம் ஆக்கினதே இதுக்குத்தானோ என்னவோ.

நாலாவதா ஒரு பொண்ணு இருக்குதே, ராயசோட்டிப் பக்கத்துப் பொண்ணு. அன்னிக்குக் கிளாஸ்ல எழுந்து, "சார், எங்க அப்பா குவைத்துல இருக்காரு. தினார் ஏறின நாளாப் பாத்துதான் அம்மா பணம் அனுப்பச் சொல்லுது"ன்னுச்சு. நீ இன்னா சொன்னே? "அது சிலபஸ்ல இல்லே, உக்காரு." நல்ல வேலை செஞ்சே! பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அது என்னோடதான் வந்துது. தினார் 2007-லேருந்து பல நாணயம் சேந்த கூடையைப் பிடிச்சுக்கினு நடக்குதாம், துபாய் திர்ஹம் டாலர் முந்தானையை விடறதில்லையாம். அவங்க தெருவுல குவைத் வீடும் இருக்குது, துபாய் வீடும் இருக்குது. டாலர் ஆட்டம் போடற மாசத்துல எந்த வீட்டுல பணம் எப்ப வருது, எந்த வீட்டுல நகை அடகுக்குப் போவுதுன்னு எண்ணிப் பாத்தா என்னன்னு என்னைக் கேக்குது. என்னை! மாங்கா விக்கிறவனை! கைடு நீ இருக்கச்சொல்ல.

எந்திரி, தோட்டத்தாண்ட வா. இந்த ரெண்டு ஒட்டுக் கன்னையும் பாரு. ஒரே நாள்ல கட்டினது. நாட்டு வேர் மேல நல்ல குச்சியை வெச்சு பாலித்தீன் நாடா சுத்தணும், ஒட்டிக்கினதும் நாடாவை அறுத்துடணும். இது அறுத்தது, தோள் ஒசரம். அது நான் மறந்தது. கழுத்தாண்ட தடவிப் பாரு, நாடா உள்ள போயி மேல வீங்கிக்கினு நிக்குது. காத்தடிச்சா அங்கதான் ஒடியும். நான் நல்லா இறுக்கித்தான் கட்டினேன். இறுக்கிக் கட்டினதுல தப்பே இல்லே.

அம்மா பொண்ணே, இந்தா கத்தி. அந்த நாடாவை நீயே அறு. பாத்து, பட்டையில படாம.

மாப்ளே, கெளம்பறப்ப ரெண்டு கூடை எடுத்துக்கினு போ. அடுத்த மாசம் இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன். அது முடிஞ்சா ரெண்டு கண்ணோட வருவேன். கடைசி பெஞ்சைக் காலியா வை. பலமநேர்ல எறங்காம கிரீஸுக்குப் போனேன்னு வெச்சுக்கோ, எழுந்து நின்னு கேள்வி கேப்பேன். சிலபஸ்ல இல்லேன்னு எனக்குச் சொல்லிப்பாரு.