கிரிவலத்துக்கும் ஒரு நீட்

பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலையில் ஒரு பெரும் அநியாயம் நடக்கிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் யார் வேண்டுமானாலும் நடக்கலாமாம். செங்கத்துக் கரும்புக் காட்டில் கூலிவேலை செய்கிறவரும், ஆரணியில் பட்டு நெய்கிறவரும், சென்னையிலிருந்து ஏசி காரில் வந்து இறங்கிய ஆடிட்டரும் ஒரே ரோட்டில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். ஒருத்தரையும் தகுதி கேட்பாரில்லை. இப்படியே விட்டால் பக்தியின் தரம் என்னாவது? மருத்துவக் கல்விக்கு நீட் வைத்து நாட்டைக் காப்பாற்றிய மத்திய அரசு, கிரிவலத்துக்கும் ஒரு தேசியத் தகுதித் தேர்வை உடனே கொண்டுவர வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்க்கிற சிரமம் அவர்களுக்கு வேண்டாமென்று திட்டத்தை நானே எழுதித் தருகிறேன்.

முதல் விதி: தேர்வில் நடக்கவே கூடாது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து 180 கேள்விக்கு வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். சரியென்றால் 4, தப்பென்றால் ஒன்று கழியும், மொத்தம் 720. பன்னிரண்டு வருஷமாக மாதம் தவறாமல் மலையைச் சுற்றியவரா நீங்கள்? சந்தோஷம், அந்தக் கணக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வாசலில் சோதனை உண்டு. தோடு, மூக்குத்தி, முழுக்கைச் சட்டை எதுவும் உள்ளே போகாது. நீட் நாளன்று தேர்வு மையத்து கேட்டில், மகளின் மூக்குத்தித் திருகு வராமல் பல்லால் கடித்துக் கழற்றுகிற அம்மாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேரளத்தில் 2017-ல் கண்ணூரிலும் 2022-ல் கொல்லத்திலும் மாணவிகளின் உள்ளாடையையே கழற்றச் சொன்ன அனுபவசாலிகள் இருக்கிறார்கள்; கோபுர வாசலுக்கு அவர்களையே அழைத்துக்கொள்ளலாம்.

எட்டு லிங்கங்களையும் சும்மா விடக் கூடாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கோச்சிங் சென்டர். குபேர லிங்கத்தருகே லட்ச ரூபாய் பேட்ச், யம லிங்கத்தருகே ரிப்பீட்டர் பேட்ச். ரிப்பீட்டர் பேட்ச் என் கற்பனையில்லை. நீட்டின் பாதிப்பை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு கணக்கெடுத்துச் சொன்னது: மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 2016-17-ல் 12.47 விழுக்காடு, 2020-21-ல் 71.42 விழுக்காடு. பிளஸ் டூ முடித்த பிறகும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் வேலைக்குப் போகாமல், கோச்சிங்குக்கும் பணம் கட்டிப் படிக்க எந்த வீட்டுப் பிள்ளையால் முடியும்? அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் 'தகுதி' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு விசேஷக் கவனிப்பு உண்டு. 2018 நீட்டின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளைத் தப்பும் தவறுமாக மொழிபெயர்த்திருந்தார்கள். 196 மதிப்பெண் கொடு என்றது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அந்த உத்தரவை ரத்து செய்தது உச்ச நீதிமன்றம். பிள்ளை ஒரு விடையைத் தப்பாக எழுதினால் ஒன்று கழியும். கேள்வியையே தப்பாகக் கேட்டவருக்கு எதுவும் கழியாது. அதே வருஷம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை எர்ணாகுளத்துக்கும் ராஜஸ்தானுக்கும் தேர்வெழுத ஓடவிட்டார்கள். நம் திட்டத்திலும் ஜமுனாமரத்தூர்க்காரருக்கு ஜெய்ப்பூரில் ஹால் டிக்கெட் கொடுத்துவிடலாம்.

முறைகேடு நடந்தால்? இந்த ஊருக்கு அது புதிதில்லை. அடியும் முடியும் தேடச் சொன்ன முதல் தேர்வே இங்கேதான் நடந்ததாகப் புராணம். பெருமாள் தோற்றேன் என்று ஒப்புக்கொண்டார். பிரம்மா தாழம்பூவைப் பொய்சாட்சிக்கு இழுத்து முடியைக் கண்டதாகச் சாதித்தார். தீர்ப்பு அங்கேயே கிடைத்தது: பிரம்மாவுக்குக் கோயில் கிடையாது, தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடம் கிடையாது. 2024 நீட்டில் நடந்தது வேறு. 67 பேர் 720-க்கு 720 வாங்கினார்கள். திருத்தித் திருத்திக் கடைசியில் 17 பேராகக் குறைந்தார்கள். எப்படிக் கூட்டினாலும் வராத 718, 719 எல்லாம் வந்தன. கேட்டால் கருணை மதிப்பெண் என்றார்கள். பாட்னாவிலும் ஹசாரிபாகிலும் வினாத்தாள் கசிந்ததில் சந்தேகமில்லை என்றது உச்ச நீதிமன்றம். தேர்வு ஒட்டுமொத்தமாகக் கெட்டதற்கு ஆதாரமில்லை என்று மறுதேர்வு வேண்டாமென்றும் சொன்னது. தேசியத் தேர்வு முகமை அடுத்த வருஷமும் அதே தேர்வை நடத்தியது. தாழம்பூ பாவம், டெல்லியில் பூத்திருக்க வேண்டியது.

கடைசி விதிதான் முக்கியம். கட்டண வரிசை காலியாகக் கிடந்தால் தகுதி தானாக இறங்கிவிடும். 2023 செப்டம்பரில் முதுநிலை மருத்துவ இடங்கள் நிரம்பாதபோது நீட் கட்-ஆஃபைப் பூஜ்ய பெர்சன்டைலுக்கு இறக்கினார்கள். தேர்வெழுத வந்து உட்கார்ந்திருந்தாலே தகுதி! அதுவரை இமயமலை உயரத்துக்கு நின்ற தரம், சீட்டு விலைபோகவில்லை என்றதும் தரைமட்டத்துக்கு வந்து படுத்துக்கொண்டது.

இதைத் தட்டிக் கேட்க வேண்டியவர்களின் லட்சணத்தையும் பார்ப்போம். 2017-ல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாக்கள் நிராகரிக்கப்பட்டது 2019-ல் உயர் நீதிமன்றத்தில்தான் ஊருக்குத் தெரிந்தது. அடுத்து ஆட்சிக்கு வந்தவர்கள், நீட்டை ஒழிக்கிற ரகசியம் தெரியும் என்று ஓட்டுக் கேட்டார்கள். 2021-ல் ஒரு மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரி 8-ல் மறுபடியும் அதே மசோதா. குடியரசுத் தலைவர் நிராகரித்துவிட்டார் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே அறிவிப்பு. அவர்கள் சொன்ன ரகசியம் சிதம்பர ரகசியம் என்பது அப்போதுதான் புரிந்தது.

இதற்கு நடுவில்தான் குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கியவர், உச்ச நீதிமன்றம் வரை போய் நியாயம் கேட்டார். கிடைக்கவில்லை. 2017 செப்டம்பர் 1-ல் அவரை இழந்தோம். தரத்தைக் காப்பாற்றியவர்கள் அவரைக் காப்பாற்றவில்லை.

தமிழ்நாடு நுழைவுத் தேர்வை 2007-ல் ஒழித்தது. அதன்பின் பத்து வருஷம் பிளஸ் டூ மதிப்பெண்தான் அரசு இடங்களில் டாக்டர்களைத் தேர்ந்தெடுத்தது. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியின் முதல் சில வகுப்புகளும் அப்படிச் சேர்ந்தவைதான். கொரோனா வார்டில் கவச உடைக்குள் வியர்த்து நின்றவர்களில் அந்தக் காலத்து டாக்டர்கள் எத்தனையோ பேர். அப்போது யாரும் அவர்களிடம் நீட் மார்க் கேட்கவில்லை; கைதட்டச் சொன்னார்கள், விளக்கேற்றச் சொன்னார்கள்.

காசுள்ளவன் சீட்டு காலியாக இருந்தால் பூஜ்யமும் தகுதி. ஜவ்வாது மலைப் பெண் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து வாங்கிய பிளஸ் டூ மதிப்பெண் தகுதியில்லை. ஏன் என்று ஒரே ஒரு கேள்வி. இதற்கு நெகட்டிவ் மார்க்கூடக் கிடையாது. பதில் சொல்லிவிட்டுத் தரத்தைப் பற்றிப் பேசுங்கள்.