காணாமல் போன பட்டி

நேற்றுக் காலை எங்கள் அடுக்குமாடி வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி: பி, ஏ, டி, டி, ஐ மிஸ்ஸிங். பிரவுன் கலர், கழுத்தில் பெல்ட். மூன்றாம் மாடி மாமி பதறிப்போய், “கழுத்து வலியா? வயசு என்ன?” என்று கேட்டார். “நாலு. பிஸ்கட் காட்டினால் வந்துவிடும்” என்று பதில். ஒரு வடநாட்டுக்காரர் மட்டும் நிதானமாக, “கீழே மெடிக்கல்ஸில் கிடைக்கும்” என்றார்.

காணாமல் போனது எதிர்வீட்டு மலையாளியின் நாய். அவர்மேல் குற்றமில்லை, அவர் ஊரில் பட்டி என்றால் நாய்தான். பாட்டி, பட்டி, பத்தி மூன்றையும் ஒரே ஐந்தெழுத்தில் அடித்துத் தள்ளும் நம்மைத்தான் சொல்ல வேண்டும். இது பற்றி முக்கியமான விஷயம் ஒன்று சொல்ல வந்தேன். அதற்கு முன்னால், இந்த ஐந்தெழுத்து சுற்றாத ஊர் இல்லை, கேளுங்கள்.

இந்தியில் இது காயத்துக்குப் போடும் கட்டு. முதல் உலகப் போரில் வெள்ளைக்காரச் சிப்பாய் முழங்காலுக்குக் கீழே சுற்றிக்கொண்டு போனது இந்தப் பட்டியைத்தான். அதே இந்தியில் கொஞ்சம் மென்மையாக உச்சரித்தால் தேயிலை. இன்னொரு சமயம் சீட்டு. 2010இல் அமிதாப் பச்சன் நடித்த ‘தீன் பத்தி’ மூன்று சீட்டுச் சூதாட்டம். அரைகுறை இந்தி தெரிந்த தமிழருக்கு அது மூன்று பாட்டிகளின் கதை. கன்னடர் எழுதினால் பட்டியல், தெலுங்கர் எழுதினால் பருத்தி. இத்தாலிக்குப் போனாலும் விடாது. அங்கே இது ஒப்பந்தங்கள். 1929இல் முசோலினி அரசும் போப்பின் தரப்பும் கையெழுத்திட்டு வாத்திகன் தனி நாடானது இப்படிப்பட்ட ‘பத்தி’யால்தான். சிசிலித் தீவில் இதே எழுத்தில் ஒரு ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவைக் கிறங்கடித்த ஆபரா பாடகி அடெலினா பட்டிக்கும் இதுதான் குடும்பப் பெயர். நம் ஆண்டிப்பட்டி, உசிலம்பட்டிப் பெயர்ப் பலகைகளைத் தாண்டிப் போகும் மலையாள லாரி டிரைவர்கள் என்ன நினைப்பார்களோ, யாராவது கேட்டுச் சொன்னால் தேவலை.

முக்கியமான விஷயத்துக்கு இனி இடமில்லை. போகட்டும். யூனிகோடில் தமிழ் 1991லேயே ஏறிவிட்டது. ஒவ்வொரு கைபேசியிலும் தமிழ் விசைப்பலகை சும்மா கிடக்கிறது. அதைத் திறக்க விரல் வலிக்கிறது என்றால், நெடிலுக்கு இரண்டு ‘ஏ’யாவது போடுங்கள் ஐயா. அதற்கு யாரும் காசு கேட்பதில்லை.