வண்டிக்கு வால் வந்த கதை

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கிலாந்தின் பிரைட்டனிலிருந்து சரவணன் எழுதுவது. நான் அனுப்பிய ஸ்கூட்டர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "வண்டிக்குப் பின்னால என்னடா செத்துத் தொங்குது?" என்று கேட்டீர்களாம். ஜோசியரைப் பார்க்க அத்தை கிளம்பிவிட்டார்களாம். தடுத்து நிறுத்துங்கள். அது நரி வால். அதுவும் நைலான் நரி. நாயை ஏவி நரி வேட்டையாடுவதை இங்கே 2004-லேயே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். நிஜ நரிகள் ராத்திரியில் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கின்றன. வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரி முகத்தில் விழித்துவிட்டு வனத்துறைக்கு அபராதம் கட்டுகிறார்களே, அந்த ஊர்க்காரன் நான். முகம் கிடைக்கவில்லை, வாலோடு திரிகிறேன். அபராதம் இங்கேயும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

வால் நான் வாங்கியதல்ல, வண்டியோடு வந்தது. வண்டி கான்பூரில் செய்த எல்.எம்.எல்., 125 சிசி. விற்றவர் எண்பதை எட்டிப்பிடிக்கும் பெரியவர். ஏரியலையும் வாலையும் கழற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சாவியைத் தந்தார். இளவயதில் அவர் 'மாட்ஸ்' கோஷ்டியாம். கச்சிதமாகத் தைத்த சூட்டு, அதில் அழுக்குப் படாமல் மேலே அமெரிக்க ராணுவத்துப் பழைய பார்க்கா கோட்டு, உட்கார வெஸ்பா அல்லது லாம்ப்ரெட்டா. முன்னால் கொத்துக் கொத்தாகக் கண்ணாடியும் விளக்கும். பின்னால் ஆளுயர ஏரியல், அதன் நுனியில் வால். ஏரியல் இருந்தால் ரேடியோ இருக்க வேண்டுமே என்று கேட்டேன். ரேடியோ எதற்கு என்று என்னையே திருப்பிக் கேட்டார். அமெரிக்காவில் கார் ஏரியலில் ரக்கூன் வாலைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். அந்த மோஸ்தர் கடல் தாண்டி ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான்.

எதிர்க்கட்சி 'ராக்கர்ஸ்'. தோல் ஜாக்கெட், டிரையம்ப், நார்ட்டன், என்ஃபீல்டு பைக்குகள். 1964 மே மாத விடுமுறையில் இரண்டு கோஷ்டியும் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடற்கரையில் சாய்வு நாற்காலிகளைத் தூக்கி வீசி அடித்துக்கொண்டன. 1979-இல் 'குவாட்ரோஃபீனியா' என்று சினிமாவே வந்துவிட்டது. இப்போதும் ஆகஸ்ட் கடைசி விடுமுறைக்கு ஸ்கூட்டர்காரர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறி ஒய்ட் தீவுக்குப் போகிறார்கள். முட்டி வலித் தைலத்தோடு வருகிற தாத்தாக்கள்கூட வாலைச் சீவிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

இதில் நம் பெருமை ஒன்று இருக்கிறது, ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள். இத்தாலிக்காரன் லாம்ப்ரெட்டாவைக் கைவிட்டபோது இயந்திரங்களை வாங்கி லக்னோவில் இறக்கியது நம் அரசாங்கம். அங்கே செய்த வண்டிகள் இங்கேயும் வந்து ஓடின. ராக்கர்களின் என்ஃபீல்டோ இப்போது நம் சென்னையிலிருந்து வருகிறது. நாற்காலி வீசியது அவர்கள்; பிற்பாடு இரண்டு கட்சிக்கும் வண்டி கொடுத்தது நாம்.

இனி என் கஷ்டம். இந்திய லைசென்ஸ் இங்கே 12 மாதம்தான் செல்லும். அதன் பிறகு உங்கள் மருமகன் எல்.எல்.ஆர். பையன். ஒரு நாள் முழுக்கப் பயிற்சி. மைதானத்தில் கூம்பு வைத்து எட்டு போடச் சொன்னார்கள். சேலத்தில் போட்ட அதே எட்டு, மாமா! நான் போட்ட வேகத்தில் பயிற்சி தருகிறவரே கை தட்டினார். தட்டிவிட்டு, திரும்பும் முன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை என்று மறுபடி போடவைத்தார். நம்மூரில் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், நான் ஏன் பார்க்க வேண்டும்?

அந்தப் பயிற்சிக்குத் தரும் சீட்டு இரண்டு வருஷம்தான் செல்லும். பரீட்சை தேறும்வரை முன்னும் பின்னும் எல் போர்டு. அது 178 மில்லிமீட்டர் சதுரம், எழுத்தின் உயரம் 102. போர்டு சரியில்லை என்றால் லைசென்ஸில் ஆறு தண்டனைப் புள்ளி வரை ஏறும். நம்பர் பிளேட் மறைந்தால் ஆயிரம் பவுண்டு வரை அபராதம், நம் காசுக்கு லட்சத்துக்கு மேல். இந்த இரண்டுக்கும் நேர் எதிரே தொங்குகிறது என் வால். காய்ந்திருக்கும்போது காற்றில் பறக்கும், தொந்தரவில்லை. மழையில் நனைந்தால் கனத்துத் தொங்கி, எல்லில் பாதியையும் நம்பரில் இரண்டு எழுத்தையும் மூடிக்கொள்ளும். இந்த ஊரில் மழை எப்போது வரும் என்று கேட்காதீர்கள், எப்போது நிற்கும் என்று கேளுங்கள். தூறல் விழுந்தால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, வாலைப் பிழிந்து, உதறி, ரப்பர் பேண்டு போட்டு மேலே தூக்கிக் கட்டுகிறேன். பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். கட்டிவிட்டு ஏறினால் வெயில் வந்துவிடுகிறது. சத்தியத்தை நினைத்து மறுபடி இறங்கி அவிழ்க்கிறேன்.

போன வாரம் சிக்னலில் நின்றபோது ஒரு நாய் வாலைக் கவ்விக்கொண்டது. பச்சை விழுந்தும் விடவில்லை. நாய்க்காரம்மா நாயைத் தடவி மன்னிப்புக் கேட்டாள், வாலைத் தடவி மன்னிப்புக் கேட்டாள். என்னிடம் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து ஷாம்பு போட்டு அலசி ஹீட்டர் மேல் காயப்போட்டேன். நைட் டியூட்டி முடிந்து அரைத் தூக்கத்தில் வந்த என் மனைவி கலா போட்ட சத்தத்தில் மேல்மாடிக்காரர் கதவைத் தட்டினார்.

எல் போர்டு இருக்கும்வரை பின்சீட்டில் ஆள் ஏற்றக் கூடாது என்பதுதான் இதில் எல்லாவற்றையும்விடக் கொடுமை. நீங்கள் அந்த லக்னோ ஸ்கூட்டர் விஜய் சூப்பரில் எங்கள் ஐந்து பேரை அடுக்கிக்கொண்டு ஏற்காடு அடிவாரம் வரை போவீர்களே! இங்கே கட்டின பெண்டாட்டி பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள். நான் சொகுசாக வாலோடு அவளைக் கடந்து போகிறேன். அவளும் கை காட்டுகிறாள். ராத்திரி சோறு போடும்போது முகத்தைக் காட்டுவதில்லை. எழுத்துப் பரீட்சை, பிறகு ஓட்டும் பரீட்சை இரண்டு பாகம், எல்லாம் தேறிவிட்டால் முதல் சவாரி அவளுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அப்போதும் பின்னால் வால் இருக்கக் கூடாது என்கிறாள். பெரியவரிடம் செய்த சத்தியத்துக்கு என்ன வழி என்று அந்த ஜோசியரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மாட்டுக்கொட்டகையில் கிடக்கும் விஜய் சூப்பரை எடைக்குப் போடப்போகிறீர்கள் என்று தம்பி சொன்னான். போட்டுவிடாதீர்கள். அந்த மாதிரி வண்டியைத்தான் இங்கே துடைத்து, பாலீஷ் போட்டு, பெட்ஷீட் போர்த்தி வைத்திருக்கிறார்கள். கோழியை மட்டும் சீட்டிலிருந்து இறக்கி வேறு இடத்தில் அடைக்கு வையுங்கள். சைடு பாக்ஸ் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து உடனே எழுதுங்கள். அத்தை ஒன்றில் தவிடு அள்ளிக்கொண்டிருந்த ஞாபகம்.

அன்புடன்,
சரவணன்