மாங்கா ஷாட் அண்ணாத்த

கோல்ஃப் ஆடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரே அடியில் பந்து குழிக்குள் போய்விட்டால், அடித்தவரே கிளப்பில் இருக்கிறவர்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுக்க வேண்டும். நொச்சிக்குப்பத்தில் நேரெதிர். இங்கே கேரம் போர்டில் ஒரு மாங்கா, அதாவது குருட்டு அடி, விழுந்துவிட்டால், அடித்தவருக்கு ஊர்தான் ஆயுசு முழுக்க டீ வாங்கித் தர வேண்டும்.

லூப் ரோட்டில் மீன் வியாபாரம் ஓய்ந்த சாயங்காலம், ஹவுசிங் போர்டு பிளாக் நிழலில் போர்டு இறங்கும்போது கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார் அண்ணாத்த. (பிளாக்குக்கு ஒருவர் இப்படி உண்டு.) ஆடக் கூப்பிட்டால், "கடக்காத்துல பவுடரே நிக்கலபா, போர்டு இழுக்குது" என்பார். காற்றில்லாத நாளில் விரல் வலி. ஆனால் யாராவது சிவப்புக் காயான ரெட்டைக் குறிவைத்தால் போதும்: "இதே மாரிதான் அன்னிக்கு..."

அன்றைக்கு எதிராளி 24, இவர் 21. போர்டில் இவருக்கு ஒரு வெள்ளை, அவருக்கு ஒரு கருப்பு, நடுவே ரெட். இவர் வெள்ளைக்குத்தான் அடித்தார். ஸ்ட்ரைக்கர் அதைச் சட்டை செய்யாமல் கட்டையில் மோதித் திரும்பி, ரெட்டை ஒரு பாக்கெட்டில் போட்டு, போகிற போக்கில் வெள்ளையை இன்னொன்றில் தள்ளியது. ரெட்டும் கவரும் ஒரே அடியில்! ரெட்டுக்கு மூன்று, மிஞ்சிய கருப்புக்கு ஒன்று. 25, ஆட்டம் முடிந்தது. ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் போனதுமே அவர் "ஐயையோ" என்றது பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. கதையில் அந்த ஐயையோ மட்டும் வராது.

மற்றபடி கதை வளர்ந்தது. மோதிய கட்டை ஒன்று இரண்டாகி, மூன்றாகியது. பார்த்த நாலு பேர் பிளாக் முழுக்க ஆனார்கள். 1991இலும் 1995இலும் உலக சாம்பியனான மரிய இருதயம் பார்த்திருந்தால் கைகொடுத்திருப்பாராம். 2024இல் வடசென்னைப் பெண் காசிமா கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியபோது, மீன் கூடையை இறக்கிக்கொண்டிருந்த சம்சாரத்திடம், "நம்ம ஷாட்டு எங்கியோ பரவியிருக்குது" என்றார். அந்த அம்மாள் நிமிரக்கூட இல்லை.

"இன்னொரு தபா அடிச்சிக் காட்டேன் நைனா" என்று பொடியன்கள் கேட்பார்கள். "கேட்டா வர்ற ஷாட்டாடா அது?" அவர் வாயில் வரும் ஒரே உண்மை இதுதான்.

அன்று தோற்றவரும் இதே பிளாக்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் கதை கந்தலாகிவிடும். சொல்ல மாட்டார். 24இல் நின்றுகொண்டு மாங்காவில் தோற்றேன் என்று எந்த மனிதன் சொல்வான்? மேதையிடம் தோற்றால் கௌரவமாவது மிஞ்சும். அதனால் அண்ணாத்த மூன்று கட்டை என்று சொல்லும்போதெல்லாம் இவர் முந்திக்கொண்டு திருத்துகிறார்: "மூணு இல்லபா, நாலு. நான்தான எதுத்தாப்புல குந்தினு இருந்தேன்!"

கேரம் போர்டுக்கு மொத்தமே நாலு கட்டைதான் என்பதால் கதை இப்போதைக்கு அங்கே நிற்கிறது.